இரண்டாவது வலை

1. கதவில் தூக்கிப் போன ஆள்

போன வருடம் ஐப்பசியில் ஒரு மதியம், காளியம்மா அக்காவை ஒரு மரக்கதவில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேற்றில் வழுக்கி விழுந்ததில் கால் முறிந்திருந்தது. அச்சங்குளம் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் கடைசி வரிசை ஷெட்டிலிருந்து தார்ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். அத்தனையும் கரிசல். ஒரு மழை பெய்தால் போதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அன்று டிராக்டர் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்றது. நான்கு நான்கு பேராக மாற்றித் தூக்கி, அக்காவை அங்கே சேர்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். திரும்பி வரும்போது ஸ்டோருக்குப் பின்னால் நின்ற ஜீப்பைப் பார்த்தேன். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப். ஆறு வருடமாக ஓடவில்லை. டயரில் காற்று இல்லை, பானெட்டுக்குள் குளவிக்கூடு. இந்தச் சேற்றுக்கென்றே செய்த வண்டி நிழலில் படுத்திருக்க, ஒரு மனுஷி கதவில் போகிறாள்.

கடைசி வரிசையில்தான் என் அம்மாவுக்கும் வேலை. வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. அடுத்த மழைக்கு அந்தக் கதவில் யார் படுப்பார்கள் என்ற யோசனை எனக்கு அன்று வந்தது. அதன் பிறகு போகவில்லை.

2. "பரிச்சையில வந்துச்சோ?"

நான் மாரீஸ்வரி. மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆலையில் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். ஸ்பேனரை எண்ணி எடுத்துக் கொடுக்கலாம், திருப்பி வாங்கலாம். பிடித்துத் திருகுவது ஆண்களின் வேலையாக இருந்தது.

சித்திரையில் முதலாளி அண்ணாச்சி ஜீப்பை இரும்புக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். போர்மேன் குருசாமி அண்ணனும் இருந்தார். ஆலைக்குள் எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது அவர்தான்.

"அண்ணாச்சி, அந்த ஜீப்ப எனக்குக் குடுங்க. ஓட வச்சுத் தாரேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். குருசாமி அண்ணன் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, டிப்ளமா பரிச்சையில இந்த ஜீப்புக் கேள்வி வந்துச்சோ?"

"வந்துச்சுண்ணே. நான் பாஸும் ஆயிட்டேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வியாபாரி, சிரிப்போடு விடவில்லை. "சரி தாயி. ஆவணி முடியுறதுக்குள்ள கடைசி ஷெட்டு வரைக்கும் போயி, ஆள ஏத்திக்கிட்டுத் தார்ரோட்டுக்கு வரணும். இடையில நின்னுச்சுன்னா இரும்புக் கடை லாரி வந்துரும். வேண்டிய சாமானுக்கு நான் சொல்லிடுறேன். ஆனா இங்கன வச்சு வேல பாக்கப்படாது."

அது சரியான பேச்சு. பட்டாசு ஆலை வளாகத்துக்குள் வெல்டிங்கும் கிரைண்டரும் நினைத்தே பார்க்க முடியாது. வண்டியை லாரியில் ஏற்றி, ஆமத்தூர் அருகே எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் இறக்கினோம்.

3. பத்தடி

நான்கு மாதம் வேலை. ஞாயிறு முழுக்க, மற்ற நாளில் ஆலை விட்டு வந்து பொழுது சாய்கிற வரைக்கும். அப்பா திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தில் லோடு ஏற்றுகிறவர். வண்டிக்கடியில் நான் படுத்து வேலை பார்க்கக் காலண்டர் அட்டை கொண்டு வந்து போட்டார். இன்ஜினைத் தூக்கும்போது செயின் பிளாக்கின் சங்கிலியை அவர்தான் இழுத்தார். பிஸ்டனுக்கு ரிங் மாற்றினேன். வால்வுகளை உட்காரவைத்துத் தேய்த்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்த நான்கு சக்கர லீவரைப் பிரித்து எடுக்க ஒன்பது நாள் ஆனது. பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தேன். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினேன். சேற்று டயர் போட்டேன். பின்பக்க சீட்டில் ஒன்றை எடுத்துவிட்டு ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பலகை அடித்தேன். வண்டிக்கான புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. ஒரு பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் அந்த நட்டில் கை வைப்பேன்.

வெல்டிங் நாட்களில் அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆலை வேனில் இருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வரமாட்டாள். பத்தடிக்கு அப்பாலேயே, தெருக்குழாய்ப் பக்கம் நின்றுவிடுவாள். சேலையிலும் தலைமுடியிலும் அலுமினியத் தூள் சாம்பலாக ஒட்டியிருக்கும்; ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

"ஏடி மாரி, மெசின அமத்துடி!"

அமர்த்துவேன். வயரைப் பிடுங்கி உயர்த்திக் காட்டுவேன். அம்மா கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போய், தலைக்குக் குளித்து, சேலையை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் வண்டிப் பக்கம் வருவாள். ஒருநாள்கூட மறக்கவில்லை. வேலை உடுப்போடு அந்த ஜீப்பை அவள் தொட்டதே இல்லை.

ஆடியில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. கடைசி வேலை ஸ்பார்க் அரெஸ்டர். சைலன்ஸர் முனையில் மாட்டுவது, உள்ளே வலை இருக்கும். புகையோடு வருகிற தீப்பொறியைப் பிடித்து அணைத்துவிடும். அது இல்லாத வண்டியை ஆலை கேட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆள் சேர்ந்து தள்ளித்தான் உள்ளே கொண்டுபோவார்கள். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் இது.

கடையில் வாங்கிய அரெஸ்டரைக் குருசாமி அண்ணனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வலைதான் இருக்கு. போதுமாம்மா? கடைசி வரிசைக்குல்ல போகுது."

எனக்கு அவரைவிடப் பயம். அதைப் பிரித்து, இன்னும் பொடிக்கண் உள்ள ஸ்டீல் வலை ஒன்றை உள்ளே வைத்து நானே வெல்டு செய்தேன். நான்கு மாதத்தில் நான் வைத்த வெல்டுகளில் அழகானது அதுதான். அதைப் போட்டோ எடுத்துக்கூட வைத்திருக்கிறேன்.

4. இருபது கெஜம்

ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் அண்ணாச்சி சோதனைக்கு வரச் சொன்னார். கடைசி ஷெட்டுக்கு வெறும் வண்டியாகத் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தது. ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றித் திருப்பினேன். இருபது கெஜம் வந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. கரும்புகை கொட்டியது. சக்கரம் புதையவில்லை, வழுக்கவில்லை. மூச்சு முட்டின ஆள் மாதிரி இன்ஜின் அடங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி நின்றது.

வேலை ஆட்கள் எல்லாம் வரிசையாக நின்று பார்த்தார்கள். அம்மாவும் அதில் நின்றாள்.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஒருவர்.

"வண்டிக்குப் பசிக்குதுபோல. சோறு வச்சியா புள்ள?" என்றாள் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம லாரி வருது தாயி. அதுக்குள்ள சரி பண்ணுனா பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சனிக்கிழமை.

ஜீப்பை மூட்டைகளோடு லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் வேனில் போனோம். இறங்கும்போது அம்மா, "அந்த மூட்டைக நாங்கதானடி" என்றாள்.

5. பட்டியலில் இல்லாதது

மறுநாள் ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். டீசல் பில்டர், பம்ப், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, கிளட்ச், பிரேக் பிடித்துக்கொள்கிறதா. ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக எல்லாவற்றையும் பார்த்துக் கோடு போட்டு அடித்தேன். இன்ஜெக்டரை விருதுநகர் கொண்டுபோய் டெஸ்ட் செய்து வாங்கி வந்தேன். எதிலும் குறை இல்லை. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தால் வண்டி நன்றாகவே ஓடியது. இழுக்கச் சொன்னால் படுத்தது.

வியாழக்கிழமை ஆலைக்கு லீவு போட்டேன். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, வகுப்பில் சொல்லித் தந்த மாதிரி முதலிலிருந்து எழுதினேன். காற்று எங்கே உள்ளே போகிறது, எங்கே அழுந்துகிறது, எங்கே எரிகிறது, எங்கே வெளியேறுகிறது. வெளியேறும் இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

அரெஸ்டரை என் முதல் பட்டியலில் நான் எழுதவே இல்லை.

மறந்துபோய் விட்டதல்ல. வண்டியில் எதைச் சந்தேகப்பட்டாலும் அதைச் சந்தேகப்பட எங்கள் ஊர் ஆளுக்குக் கை வராது. அதைக் கழற்றுவது என்பது ஷெட் வாசலில் தீக்குச்சி உரசுவது மாதிரி. நான்கு போல்ட். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு வர எனக்கு ஐந்து நாள் ஆனது.

கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. நான் வைத்த இரண்டாவது வலை முழுக்கக் கரி படிந்து, தார் பூசின சாக்கு மாதிரி அடைத்துக் கிடந்தது. புகைக்கு வெளியே போக வழி இல்லை, அதனால் இன்ஜினுக்குப் புதுக்காற்று இழுக்க வழி இல்லை. அரெஸ்டர் இல்லாமலே அதே மணல் மூட்டைகளோடு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஏற்றினேன். இரண்டாவது கியரில், நிற்காமல் ஏறியது.

கரை மேல் வண்டியை நிறுத்திவிட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன். அழகாக வெல்டு வைத்தேனாம், அதற்குப் போட்டோ வேறு.

பஸ் பிடித்து விருதுநகர் போய், லாரிக்குப் போடுகிற பெரிய சைஸ் அரெஸ்டர் ஒன்று வாங்கினேன். ஒரே வலைதான், ஆனால் வலையின் பரப்பு மூன்று மடங்கு. சாயங்காலத்துக்குள் அதைக் குழாயோடு இணைக்கும் பிளேன்ஜ் தகடு வெட்டி, வெல்டு வைத்து மாட்டிவிட்டேன். அம்மா குழாயடியில் காத்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் குருசாமி அண்ணன் மறித்தார்.

"ரெண்டாவது வலை எங்கம்மா?"

"எடுத்துட்டேண்ணே. அதுதான் வண்டிய நிப்பாட்டுச்சு."

"நிக்கிற வண்டியால யாரும் சாகல. பொறி விடுற வண்டி உள்ள வந்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே. எங்கம்மா உள்ளதான இருக்கு."

அவர் உள்ளே போய் ஒரு புது வெள்ளைக் காடாத் துணியை எடுத்து வந்தார். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். புகைக்குழாய்க்கு ஒரு கை தூரத்தில் துணியை இரண்டு குச்சியில் கட்டி விரித்தார்.

"மிதி."

மிதித்தேன். கால் மணி நேரம் ஏற்றி இறக்கி மிதிக்கச் சொன்னார். பிறகு துணியை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு சாணாகப் பார்த்தார். கரி அப்பியிருந்தது. பொறி சுட்ட ஓட்டை ஊசி முனையளவுகூட இல்லை.

"மாசம் ஒருக்கா இதே மாதிரி துணி கட்டுவேன். ஒரு ஓட்டை விழுந்தாலும் வண்டி வெளியதான்" என்றார்.

"கட்டுங்கண்ணே. நானே துணி வாங்கித் தாரேன்."

அன்று மணல் மூட்டைகளோடு கடைசி ஷெட்டிலிருந்து தார்ரோட்டுக்கு வந்தேன். அண்ணாச்சி போனை எடுத்து லாரியை வர வேண்டாம் என்றார்.

6. ஐப்பசி

எங்கள் ஆலைகளில் இடி சத்தம் கேட்டால் வேலை நின்றுவிடும். எல்லோரும் மருந்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கடைசியாக ஒவ்வொரு ஷெட்டாகப் பூட்டிப் பார்ப்பது போர்மேனின் பொறுப்பு. இந்த ஐப்பசியில் ஒரு பிற்பகல் அப்படி இடித்தது. மழை கொட்டியது. ஆட்கள் பாதி வழி வந்துவிட்டார்கள். கடைசி ஷெட்டின் கதவடியில் கிடந்த சுருட்டை விரியன் பாம்பைக் குருசாமி அண்ணன் மிதித்து, கடி வாங்கிவிட்டார்.

அவர் அலறல் கேட்டு அம்மாதான் திரும்பி ஓடியிருக்கிறாள். யாரோ ஸ்டோருக்கு ஓடி வந்து சொன்னார்கள். ஆம்புலன்ஸைத் தார்ரோட்டுக்கு வரச் சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தேன்.

போகும் வழியெல்லாம் வண்டி ஆடியது, வழுக்கியது. நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அம்மா அவருடைய காலை அசையாமல் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் பிடித்து அவரைப் பலகையில் படுக்கவைத்தோம். கூட ஓர் ஆள் ஏறி அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா எழுந்து வந்தவள் வண்டிக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். சேலை சாம்பல் நிறம். கையெல்லாம் மருந்து. புகைக்குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாரி. ஏறவாடி?"

"ஏறும்மா."

ஏறினாள். திரும்பும்போது நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் பின்னாலிருந்து குருசாமி அண்ணனின் குரல் மெலிதாகக் கேட்டது. "பள்ளம் பாத்துப் போம்மா. அரெஸ்டர் களண்டுறப் போகுது."

"நீங்க பேசாம கெடங்க போர்மேனு. அவளுக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

பன்னிரண்டு நிமிடத்தில் தார்ரோடு. குருசாமி அண்ணன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். வந்த வாரமே வெள்ளைத் துணியோடு கேட்டில் நின்றார். மிதித்துக் காட்டினேன்.

இப்போது ஸ்டோரில் இல்லை, மெயின்டனன்ஸில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழுது தேடும்போது, இதில் தப்பு இருக்கவே முடியாது என்று எதை நினைக்கிறீர்களோ அதையும் பட்டியலில் எழுதுங்கள். பயந்து கூட்டிவைத்த ஒரு வலையால் நான் என் அம்மாவுக்கான வண்டியை நிறுத்திவைத்திருந்தேன். பயம் வேண்டும். எங்கே எவ்வளவு என்று அளந்து பார்த்து வைக்க வேண்டும்.

போன ஞாயிறு அம்மா ஓவர்டைம் முடிந்து வந்தபோது நான் ஜீப்பின் பம்பருக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவளை ஏற்றிவந்த அதே வண்டி. அம்மா பத்தடியில், குழாய்ப் பக்கம் நின்றாள்.

"மெசின அமத்துடி!"

அந்தப் பத்தடியை நான் ஓர் அடிகூடக் குறைக்கச் சொல்லமாட்டேன். அமர்த்தினேன். வயரைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினேன்.