வெள்ளிக்கிழமை வாங்கிய இரண்டாயிரம்

மணவாள நகரில் எங்கள் பின்தெருக்காரர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். வேன் வாங்கக் கடன் கேட்டார். என் கல்யாண நகையை பேங்கில் அடகு வைத்து இரண்டு லட்சம் கொடுத்தேன். ஒரே வருடத்தில் மஞ்சள் நோட்டீஸ் வந்தது. திவாலாகிவிட்டாராம். கடன் கொடுத்த எல்லோருக்கும் கால் பங்கு, அதுவும் ஐந்து வருடத் தவணையில் தருவதாகத் திருவள்ளூர் கோர்ட்டில் திட்டம் கொடுத்திருந்தார். அதுவரை என் நகை இருக்குமா? ஏலம் விடப்போவதாக பேங்க் கடிதமே வந்துவிட்டது. வக்கீல் வைத்து ஆட்சேபணை மனு போட்டேன்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம், பின்தெருக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டாயிரம் கீதும்மா. என்னால முடிஞ்சது. வேணான்னு சொல்லிடாத."

அந்த நேரத்தில் வீடு தேடி வந்த பணத்தை எப்படித் திருப்பி அனுப்புவது? இடுப்பில் குழந்தை அழுதது. நீட்டிய தாளில் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அன்று அவருடைய வக்கீல் அந்தத் தாளைத்தான் நீட்டினார். 'திட்டத்தின்படி முதல் தவணை பெற்றுக்கொண்டேன்.' திட்டத்தை நானே ஏற்றுக்கொண்டுவிட்டதால் ஆட்சேபணை செல்லாது என்றார்.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. வெள்ளிக்கிழமைங்க, விளக்கேத்துற நேரம்…"

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கணவர், "படிச்சவதானே நீ! நாலு வரி படிக்க மாட்டே?" என்று முணுமுணுத்தார். அவர் வீட்டில் இருந்திருந்தால் முதலில் கை நீட்டியிருப்பார்.

அந்த இரண்டாயிரத்தை அன்றைக்கே கோர்ட்டில் கட்டினால் ஆட்சேபணையை விசாரிப்பதாக நீதிபதி சொன்னார். அன்றும் வெள்ளிக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் பால்காரருக்குக்கூட நான் காசு கொடுத்ததில்லை. பையில் இருந்தது குழந்தையின் தடுப்பூசிக்கு எடுத்து வைத்த பணம். கட்டலாமா, நாளைக்கென்று கேட்கலாமா என்று வராந்தாவில் நின்று குழம்பினேன். பின்தெருக்காரர் பக்கத்தில் வந்தார்.

"வெள்ளிக்கெழம அதுவுமா துட்ட வெளிய உடுவியாம்மா? யோசிச்சிக்கோ."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. "உங்ககிட்ட வாங்குனப்போ வெள்ளிக்கிழமை பார்த்தேனே, அதுவே போதும்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பணத்தைக் கட்டினேன்.

கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டினார்கள். முதல் வரியிலிருந்து படித்தேன். முடித்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

"இன்னாம்மா, பரீட்சைக்கா படிச்சிக்கினு கீற? நகரும்மா" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

நகராமல் மூன்றாவது முறை படித்தேன்.