காலண்டர் தாள் ஒட்டிய ஜன்னல்

சித்தப்பாவின் அறையில் ஜன்னல் ஒன்றுதான். அதன் கண்ணாடிகள் மீது, சிவகாசி அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களை அவரே ஒட்டியிருந்தார். வண்ணம் விலகி அச்சான தாள்கள் அவை; ஒவ்வொரு தெய்வத்துக்கும் இரண்டு முகங்கள் இருப்பதுபோலத் தோன்றும். மாலையில் பட்டாசுக் கம்பெனிகள் வாணங்களைச் சோதித்துப் பார்க்கையில் அம்முகங்கள் சிவந்தும் பசுமையுற்றும் அணையும். சித்தப்பா அதற்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்.

அவர் பெங்களூரில், புதிய விமானங்களை மிக உயரத்துக்கு ஓட்டிச் சோதிக்கும் விமானியாக இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், மேகங்களெல்லாம் வெகு கீழே கிடக்க, தம் விமானத்துக்கு இணையாக ஓர் ஒளி வருவதைக் கண்டார். சற்று நேரம் உடன்வந்த அது, நின்று, மேலேறி மறைந்தது. தரையிறங்கியதும் கண்டதைக் கண்டபடியே சொன்னார். விசாரணை வைத்தார்கள், அது முடியும்வரை பறக்கக் கூடாதென்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் தந்தை வாணங்களுக்கு நிறம் கலப்பவர். வியாபாரி வாய்வார்த்தையாகக் கேட்கும் நிறத்தைக் கலந்து, அவர் கண்முன்னே கொளுத்திக் காட்டி ஆர்டர் பிடிப்பதே அவருடைய தொழில்முறை. தம்பி கண்ட ஒளியையும் அப்படிக் காட்டிவிட்டால் அதிகாரிகள் நம்புவார்கள், அவன் மறுபடி பறப்பான் என்று அவர் கணக்கிட்டார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கரிசல் காட்டில் மாலைதோறும் இருவரும் நிற்பார்கள், நானும் சென்றதுண்டு. தந்தை மருந்து உருண்டையைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்துவார். "பச்சை தூக்கலா இருக்கு, அண்ணாச்சி" என்பார் சித்தப்பா. "ஏலே, பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டுக் குறை சொல்லலியே" என்று தந்தை சிரிப்பார். ஒருநாள் அக்கல்லின்மேல், பழுக்கக் காய்ச்சிய செம்பின் ஓரத்தில் ஓடும் நீலம்போல ஓர் ஒளி எழுந்தது. சித்தப்பா கல்லருகே குனிந்தார். "இதுதான்" என்றார்.

விசாரணை அதிகாரி வந்தபோது தந்தை அதே நிறத்தைப் பெருமையுடன் கொளுத்தினார். அது முழுதும் எரியும்வரை அதிகாரி பார்த்திருந்துவிட்டு, சித்தப்பாவிடம் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றாக?" என்று தந்தை ஆவலோடு கேட்டார். சித்தப்பாவேதான் அதை மொழிபெயர்க்க நேர்ந்தது.

"நான் பாத்தது நம்ம வீட்டு வெளிச்சமாம், அண்ணாச்சி. சின்னதுல இருந்து கண்ணுல கிடந்ததுதான் அம்புட்டு உசரத்துல முன்னால வந்திருக்காம். இப்படிப்பட்டவன் இனிமே விமானம் ஓட்டக் கூடாதாம்."

தந்தை குனிந்து, சூடு ஆறாத அந்தக் கல்லை வெறுங்கையால் துடைத்தார். பிறகு அந்த நிறத்தை அவர் கலக்கவேயில்லை.

சித்தப்பா அண்ணனை ஒரு சொல்லாலும் குறைகூறியதில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் இவ்வாண்டுதான் துணிந்து, அந்த ஒளி இன்னும் நினைவிலிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"கண்ணை மூடுனா அண்ணாச்சி கல்லுமேல கொளுத்துனதுதாம்மா வருது. மேல பாத்தது ஓரமா, கொஞ்சூண்டு நிக்குது. இன்னொரு நீலத்தைப் பாத்தா அதுவும் போயிரும்."

தாள்களை எதற்காக ஒட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இப்போது தீபாவளிச் சீசன். நேற்று மாலையும் அந்த இரட்டை முகங்கள் சிவந்தன, பசுமையுற்றன. பிறகு, எந்தக் கம்பெனியிலிருந்தோ, அறை முழுவதும் மெல்லிய நீலம் பரவிற்று. சித்தப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன கலரும்மா?"

"சிவப்பு, சித்தப்பா" என்றேன்.