சேசுராஜின் முறுக்கியும் ஏஞ்சலம்மாளின் கொழுந்தனும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சேசுராஜைவிட உயரமான ஆள் கிடையாது. அவருக்கு வாய்த்த வேலையோ பம்பாயிலேயே தாழ்வான இடத்தில். தெருவுக்கு அடியில் டெலிபோன் கேபிள் ஓடும் குழிகளில் இறங்கி, அறுந்த கம்பிகளைச் சேர்க்கும் ஜாயின்டர் அவர். குழிகளைக் கட்டியவர்கள் சராசரி மனிதனை மனதில் வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தச் சராசரிக்கு மேலே சேசுராஜிடம் ஒரு தலையும் கழுத்தும் மிச்சம் இருந்தன. பகல் முழுவதும் வளைந்து நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நிமிர்வதற்கே ஒரு டீ குடிக்கிற நேரம் பிடிக்கும்.

அவருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஒரே ஒரு மின்விசிறி போதும். அது விக்ரோலியில் இருந்தது. அவர் வேலை பார்த்த பெஸ்டன்ஜி அண்ட் நெவ்யூ என்ற கேபிள் காண்ட்ராக்ட் கம்பெனிக்கு (நெவ்யூ என்கிற அந்த மருமகனை யாரும் பார்த்ததில்லை) அங்கே ஒரு டூல் ரூம். அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நாற்காலிக்கு மேலே அந்த மின்விசிறி. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்று மகனோடு நாக்பூருக்குப் போய்விட்டார்.

"குழியில வேலை பாக்கறவாளுக்கு உபயோகமா, கையில எடுத்துண்டு போறாப்ல ஒரு புது டூல் எவன் பண்ணிண்டு வரானோ, அவனுக்குத்தான் நாற்காலி" என்று எஞ்சினியர் வேங்கடசுப்ரமணியன் அறிவித்துவிட்டார்.

எஞ்சினியர் மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். குழிக்குள் இறங்கியதில்லை. குழியைப் பற்றி அவர் போட்ட வரைபடங்கள் குழியைவிட மிகச் சுத்தமாக இருந்தன. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பவர். தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அதன் இரண்டு காதுகளும் உடைந்து வெகுகாலம். கம்பெனியில் கம்பிக்குப் பஞ்சமில்லாததால், இரண்டு பக்கமும் செப்புக் கம்பி கட்டி, பின்மண்டையைச் சுற்றிக் கொண்டுவந்து முடிந்திருந்தார். முடிச்சின் மிச்சம் காதோரம் பூனை மீசை போல் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் கொடுத்து ரிப்பேர் செய்யக்கூடாதா என்று வீட்டில் கேட்டால், "இதுதான் ஸ்ட்ராங்" என்பார்.

கம்பி சேர்ப்பது சொல்வதற்குச் சுலபமான வேலை. ஒரு கேபிளை அறுத்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் மெல்லிய செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் காகிதச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். சட்டையைக் கழற்றி, இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் விரலால் முறுக்கி, மேலே ஒரு காகிதக் குழலை மாட்ட வேண்டும். அப்படியே அத்தனைக்கும் செய்து முடித்து, ஈரம் போக மெழுகை உருக்கி ஊற்றி, ஈயக் குழாய்க்குள் அடைக்க வேண்டும். அதற்குள் விரல் நுனியில் தோல் இருக்காது. சேசுராஜின் யோசனை இதுதான்: உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி. ஒரு அமுக்கு அமுக்கினால் அதன் வாயிலிருக்கும் கொக்கி இரண்டு கம்பியையும் கவ்வி, சுற்றி, நீட்டிக்கொண்டிருப்பதைக் கடித்துத் துப்பிவிட வேண்டும். 'முறுக்கி' என்று பெயரும் வைத்துவிட்டார்.

தாராவிப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சைக்கிள் பிரேக்கும், உடைந்த கடிகாரத்தின் பல்சக்கரமும், குடைக்கம்பியும் கிடைத்தன. கைப்பிடிதான் கஷ்டம். வழுக்காமல் கைக்குள் உட்கார வேண்டுமே! மெழுகை உருக்கி, ஆறுகிற சமயத்தில் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்தார். விரல் பதிந்த அந்த அச்சைப் பார்த்து மரத்தில் செதுக்கிக்கொண்டார்.

"கஞ்சிச் சட்டியிலயா மெழுகக் காய்ச்சுதிய?" என்று கத்தினாள் அவர் மனைவி ஏஞ்சலம்மாள்.

"ஃபேன் வருது பிள்ள, ஃபேன்."

"ஃபேன் விக்ரோலியில சுத்தும். நாளைக்குக் கஞ்சி இங்கதான வைக்கணும்?"

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சேசுராஜ் பிறவியில் நொட்டாங்கைக்காரர். சின்ன வயதில் இடது கையை முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டி வைத்தே வளர்த்தார்கள். அதன் பலனாக அவருடைய வலது கை சாப்பிடும், சிலுவை போடும், கும்பிடும், பெரியவர்களிடம் பொருள் வாங்கும்; மரியாதை தெரிந்த கை. ஆனால் ஒரு வேலையும் தெரியாது. வேலையெல்லாம் இடது கைக்குத்தான் தெரியும். அதுவோ நாலு பேர் முன்னால் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். குழிக்குள் இறங்கி, மேலே நிற்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால், அந்த அகலமான முதுகைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் தெரியாது. மேலே நின்று மெழுகுச் சட்டியை இறக்கும் கூட்டாளி பூலோகம், "என்னடே, உள்ள வேலையா ஜெபமா?" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏஞ்சலம்மாளுக்கு மட்டும் கல்யாணமான வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் அந்தக் கையைக் கொழுந்தனாக ஏற்றுக்கொண்டாள். "இந்த டப்பாவத் திறக்க முடியல, ஒங்க தம்பிய வரச்சொல்லுங்க" என்பாள்.

மெழுகை இறுக்கிப் பிடித்தது தம்பிதான். சேசுராஜுக்கு அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. வேலை என்றால் அந்தக் கை. கருவி என்றால் வேலை. வலது கைக்குள் முறுக்கியை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. சாப்பிடுகிற கையில் எதற்கு?

கருவியைக் காட்டும் நாளாக எஞ்சினியர் ஆயுத பூஜையைக் குறித்தார்.

விக்ரோலி டூல் ரூமில் சுவரில் மாட்டிய பிள்ளையார் படத்தின் அடியில், கம்பெனியின் கட்டிங் பிளேயர், கத்தி, அரம், சுத்தியல் எல்லாம் கழுவிக் குளித்துச் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் எஞ்சினியரின் பேனாவும் புத்தகங்களும். மறுநாள் காலையில் மறுபூஜை செய்து எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. படத்துக்கு மாலை கட்டும் பொறுப்பு பூலோகத்துக்கு. நூல் தீர்ந்துபோனதால் மிச்சத்தைச் செப்புக் கம்பியில் கோத்து ஆணியில் சுற்றிவிட்டான்.

"ஆயுதத்தத் தொடப்பிடாதுன்னா இவன் முறுக்கிய மட்டும் எப்படி சார் தொடுதது?" என்று கேட்டான் பூலோகம்.

எஞ்சினியர் யோசித்தார். "இது இன்னும் ஆயுதம் ஆகலை. நான் அப்ரூவ் பண்ணினாத்தான் ஆயுதம். அதுவரைக்கும் வெறும் சாமான்." பிறகு சேசுராஜைப் பார்த்து, "வாரும் ஓய். ஸ்வாமி சந்நிதியில ஆரம்பிச்சா எல்லாம் நன்னா நடக்கும்" என்றார்.

கற்பூரம் எரிந்தது. நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறி சேசுராஜை வா வா என்று சுற்றியது. பிள்ளையார், எஞ்சினியர், கம்பெனி ஜாயின்டர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நொட்டாங்கையை எப்படி நீட்டுவது? அவருடைய வலது கை, மரியாதை தெரிந்த அந்தக் கை, முன்னால் வந்து முறுக்கியை எடுத்தது.

எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. பெருவிரலுக்குச் செதுக்கிய குழியில் சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. கருவி தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. எஞ்சினியர் வேறு, கம்பி சேர்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார்.

சேசுராஜ் அமுக்கினார். முறுக்கி கைக்குள்ளிருந்து பக்கவாட்டில் துள்ளி, எதிரில் கிடைத்த இரண்டு கம்பிகளைக் கவ்வி, வெகு அழகாகச் சேர்த்தது. ஒன்று எஞ்சினியரின் காதோர மீசைக் கம்பி. இன்னொன்று பிள்ளையார் மாலை.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எஞ்சினியரின் கன்னம் பிள்ளையாரின் தும்பிக்கையோடு ஒட்டியிருந்தது. பக்தி மிஞ்சிவிட்டது என்று நினைத்து நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஓய்! விடும்!" என்றார் எஞ்சினியர், தும்பிக்கையிடம்.

சேசுராஜ் பதறி மறுபடியும் அமுக்கினார். வலது கை அமுக்கினால் கொக்கி ஒரே பக்கம்தான் சுற்றும். கம்பி இன்னும் இறுகியது. கண்ணாடியைக் கழற்றலாம் என்றால் பின்மண்டையைச் சுற்றிய கம்பி இப்போது மண்டையைப் பிடித்துக்கொண்டது. பூலோகம் நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு, "சேர்ந்தது சேர்ந்ததுதான் சார். நல்ல ஜாயின்ட்" என்று மனதாரப் பாராட்டினான். பிறகு பூஜையில் இருந்த கட்டிங் பிளேயரை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே! பூஜையில இருக்கு!"

"அப்ப நாளைக்கு விடியது வரைக்கும் இப்படியே நிப்பியளா?"

"நிப்பேன். சாஸ்திரம்னா சாஸ்திரம்தான்."

"ஆணியோட படத்தக் கழட்டிருவோம் சார். நீங்க பாட்டுக்குப் படத்தோட ட்ரெய்ன்ல ஏறி மாட்டுங்காவுக்குப் போயிருங்க. தூக்கிப் பிடிக்க நான் கூட வாரேன்."

எஞ்சினியர் அதை நிஜமாகவே யோசித்தார். "என்கிட்ட ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ்னா இருக்கு. உன்னை ஏத்த மாட்டாளே."

சேசுராஜுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தம்பியால் பிரித்துவிட முடியும். அந்தக் கையில் கருவி நேராக நிற்கும், கொக்கி மறுபக்கம் சுற்றும். ஆனால் பூஜை நேரத்தில், எஞ்சினியரின் முகத்துக்கு நேரே, சாமி படத்துக்கு நேரே நொட்டாங்கையை நீட்டிய ஆளுக்கு நாற்காலி கொடுப்பார்களா? நீட்டாமல் விட்டால் மட்டும், எஞ்சினியரைப் பிள்ளையாரோடு கட்டிப்போட்ட ஆளுக்குக் கொடுப்பார்களா?

"சார், கொஞ்சம் கண்ண மூடிக்கிடுங்க. கம்பி தெறிச்சாலும் தெறிக்கும். எல்லாரும் மூடிக்கிடுங்க."

எஞ்சினியர் மூடினார். ஜாயின்டர்கள் மூடினார்கள். கால்சட்டைப் பைக்குள்ளிருந்து தம்பி வெளியே வந்தான். முறுக்கி அவன் கைக்குள் பூனைக்குட்டி போல் போய் உட்கார்ந்தது. கிர்ர்ரென்று ஒரு சத்தம். மாலை தனியாக, எஞ்சினியர் தனியாக.

"எலே சேசு!" என்று அலறினான் பூலோகம். கண்ணை மூடச் சொன்னால் மூடுகிற ஆளா அவன்? "நொட்டாங்கை! அப்ப இத்தன வருசமா குழிக்குள்ள..."

டூல் ரூம் முழுவதும் கண்ணைத் திறந்தது. தம்பிக்குப் பைக்குள் போக நேரமில்லை. எஞ்சினியர் காதைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கையையும் அதிலிருந்த கருவியையும் வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் கையால பண்ணினீர்னு நான் பாக்கலை. கண்ணை மூடிண்டிருந்தேன். பாக்காததை ரிப்போர்ட்ல எழுத முடியாது" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "கம்பியைச் சேக்கறதுக்கு உம்ம டூல் லாயக்கில்லை ஓய். அதுக்கு விரல் போதும். ஆனா தப்பாச் சேத்ததைப் பிரிக்கணும்னா நம்ம ஆட்கள் மொத்தக் கேபிளையும் வெட்டிப் போட்டுடறா. இது அலுங்காம பிரிக்கறது. என்னையே பிரிச்சுடுத்தே! நாளைக்குப் பேனா பூஜையிலேர்ந்து வந்ததும் எழுதறேன். கைப்பிடியை மட்டும் வலது கைக்கு மாத்தும்."

இப்படியாக, கம்பிகளைச் சேர்ப்பதற்காகச் செய்த கருவி கம்பிகளைப் பிரிப்பதற்காக அங்கீகாரம் பெற்றது. சேசுராஜுக்கு நாற்காலியும் கிடைத்தது. மின்விசிறிதான் முன்பிருந்தவரின் உயரத்துக்குத் தொங்கவிட்டதாக இருந்தது. நிமிர்ந்து எழுந்தால் தலை போய்விடும். குழியில் வளைந்தது போலவே வளைந்துகொண்டு, காற்று வாங்கினார்.

வலது கைப்பிடி விஷயம் பாக்கியிருந்தது. தன் வலது கைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, அதற்கே தெரியாது. ஆகவே கஞ்சிச் சட்டியில் மறுபடியும் மெழுகு உருகியது. இந்தத் தடவை இறுக்கிப் பிடித்தது ஏஞ்சலம்மாள். ஏற்கெனவே கோபத்தில் இருந்ததால் அச்சு நன்றாக விழுந்தது.

அந்த அச்சைப் பார்த்துச் செய்த முறுக்கிகள் குழிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பூலோகம் ஒருநாள் விக்ரோலிக்கு வந்தான்.

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யுது. ஆனா கைப்பிடி சின்னது. பிடிச்சா என்னமோ அதட்டுதாப்ல இருக்கு. யாரு கைடே அது?"

மின்விசிறிக்குக் கீழே குனிந்திருந்த சேசுராஜ் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போய் ஏஞ்சலம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"அய்யய்யோ! பம்பாய்க் குழியில கிடக்கிற அத்தன ஆம்பளையும் எங் கையவா பிடிச்சிக்கிட்டு நிக்கான்? வெளிய சொல்லித் தொலைச்சிராதிய" என்றவள், முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்துவிட்டு, "ஆமா, எவனாவது வேலைய ஒழுங்காச் செய்யுதானா?" என்று கேட்டாள்.