பூத்தேயிலை மேசையில் ஜெயராணி

ஜெயராணி மல்லிகைத் தட்டில் கை வைத்ததும் மேசையைச் சுற்றியிருந்த மற்றக் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் பிரிவில் அது அவளுக்கு முதல் நாள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் பூத்தேயிலை கட்டும் மேசைக்கு அப்போது நான் பொறுப்பு. பூத்தேயிலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விரியாத நீளக் கொழுந்துகளை அடுக்கி, அடிப்பக்கம் பருத்தி நூலால் கட்டுவோம். நடுவில் ஒரு வாடாமல்லி, அதன் மேல் நூலில் கோத்த மல்லிகை. கொழுந்தை மேலே மடித்து மூடி, துணியில் இறுக்கி உருண்டையாக்கிக் காய வைப்போம். கண்ணாடிக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் உருண்டை மெதுவாக அவிழும், உள்ளே இருந்து பூ எழும்பி வரும். சீனாவில் பழைய வழக்கமாம். எங்கள் ஆட்களுக்கு மல்லிகை என்றால் தலைக்கும் சாமிக்கும்தான். அதைக் குடிக்கலாம் என்று தோட்டத்தை நடத்துகிற தொரை சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

கல்யாண ஆர்டர்

ஜெயராணியின் புருஷன் மலையில் தண்ணீர் ஓடுகிற கான் துப்புரவாக்கப் போன இடத்தில் குளவி கொட்டி இறந்துபோனான். அதற்குப் பிறகு அவளால் அந்த மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க முடியவில்லை. ஃபெக்டரியில் ஏதாவது வேலை தாருங்கள் என்று கேட்டு வந்தாள். விரல் மெல்லியது, பொறுமையும் இருந்தது. என் மேசையில் உட்கார வைத்தேன்.

அந்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்திருந்தது. விருந்தாளிகளுக்குக் கொடுக்கப் பூத்தேயிலை கேட்டிருந்தார்கள். மேசையில் மூத்தவள் பரமேஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ரீட்டாக்கா, கல்யாணத்துக்குப் போற சாமான். தாலி அறுத்த கையால பூக் கட்டலாமா?"

"அவ கட்டுறது தேயில, பரமேஸ். மாலை இல்ல."

"உங்க மாதா கோயில்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்க. நாங்க பாக்குறோம்."

அவள் கெட்டவள் இல்லை. ஜெயராணியின் வீட்டுச் சாவுக்கு மூன்று நாள் சோறு ஆக்கிப்போட்டவள். அதனால்தான் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது.

பேச்சு ஜெயராணி காதில் விழுந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "நான் பெட்டியில அடைக்கிற பெக்கிங் பக்கம் போறேங்க அக்கா. என்னால ஒரு பேச்சு வேணாம்."

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவும் அதையேதான் சொன்னார். "சண்ட வேணாம் ரீட்டா. அந்தப் புள்ளய மாத்தி விட்டுருங்க. ஆர்டர் முடியணும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஜெயராணி சேலை முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. சும்மா துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மாத்தலீங்க ஐயா" என்றேன். "கட்டத் தெரிஞ்சவ கட்டட்டும்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஜெயராணி, உக்காரு. பிடிக்காதவங்க என்கிட்டச் சொல்லுங்க, அவங்களுக்கு வேற வேல தாரேன்" என்றேன்.

யாரும் எழவில்லை. பரமேஸ் மட்டும் தன் நாற்காலியை மேசையின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஒரு கோப்பை

வேலை முடிகிறபோது, காய்ந்து வந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்ப்போம். நூல் இறுகிவிட்டால் விரியாது, தளர்ந்தால் பூ பிய்ந்து மிதக்கும். விரிந்ததை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், இது எதற்கு நல்லது என்று கேட்பார்கள். நான் மருந்து என்று சொன்னதே இல்லை. சாப்பிட்ட பிறகு குடித்தால் வயிறு லேசாக இருக்கும், மல்லிகை வாசம் மனதை அமர்த்தும், பூ விரிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். அவ்வளவுதான் சொல்வேன். பரமேஸ் தலைவலிக்காரி. நாள் முழுவதும் குனிந்து கட்டிய பிறகு அந்த ஒரு கோப்பை இல்லாமல் அவள் போக மாட்டாள்.

ஜெயராணி கட்டியவையும் சேர்ந்து காய்ந்து வந்த அன்றும் கண்ணாடியைச் சுற்றி நின்றோம். உருண்டை அடியில் கிடந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்தது, பிறகு மறுபக்கம். வாடாமல்லி ஊதாச் சிவப்பாகத் தெரிந்தது. மல்லிகைச் சரம் ஒன்றும் பிய்யாமல் நேராக எழும்பி நின்றது.

"இது யாரு கட்டுனது?" என்று பரமேஸ் கேட்டாள்.

"தெரியாது. எல்லாம் ஒரே தட்டுலதான் காஞ்சிச்சு" என்றேன். உண்மையும் அதுதான்.

அவள் தன் பங்கை ஊற்றிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆவி முகத்தில் பட்டது. ஜெயராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பரமேஸ் ஒரு மடக்குக் குடித்தாள். மீதியையும் குடித்தாள். பிறகு பூ நின்ற கண்ணாடியிலிருந்து இன்னொரு கோப்பையில் தானே ஊற்றி ஜெயராணியிடம் நீட்டினாள்.

"இந்தா புள்ள, குடி. ஆறிப் போயிரும்."

ஜெயராணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பரமேஸ் நாற்காலியை உடனே திருப்பிக்கொண்டு வந்துவிடவில்லை. அதற்குச் சில வாரம் ஆனது. கல்யாண ஆர்டர் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. நான் ஓய்வு பெற்றபோது மேசைப் பொறுப்பு பரமேஸுக்கு வந்தது. ஜெயராணியை வேறு பிரிவுக்குக் கேட்டார்களாம், பரமேஸ்தான் விடவில்லையாம்.

இன்றைக்கு ஆட்களை நடத்துகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சண்டை வரும்போது ஒருவரை இடம் மாற்றிவிட்டால் அறை அமைதியாகிவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன், எழுந்து போகச் சம்மதிக்கிறவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அநேகமாக அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்.