கட்டை அடிக்க வந்தவர்

சாமான் கோச்சிக்குத் தனியாகத் தண்டவாளம் போட அளக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளவுக் கட்டை அடிக்க வந்தவர் ஒல்லி. வெயிலில் கறுத்த மூக்கு, வாய் நிறைய வெற்றிலை. எந்த வீட்டு வளவிலும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்; பின்னாலேயே திரிந்து பார்த்தேன்.

"ஏசுறதெண்டா இப்பவே ஏசிப்போடு மனே. பிறகுதான் அடிப்பன்."

"ஏசமாட்டன் மாமா. கெதியா அடிங்க!"

"உங்கட குசினிக்குள்ளால போகுதுடா. விளங்குதா?"

"ஓம். அம்மா சமைச்ச குசினிதான்."

நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா செத்த செய்தி கேட்டு, கொழும்பில் தையல் வேலை செய்யும் அக்கா கோச்சி ஏறினாள். இருப்பது ஒரே பாதை. எதிரே வந்த சாமான் கோச்சிக்கு வழிவிட்டு அவளுடைய கோச்சி காத்து நின்றது. அவள் வந்து சேர்ந்தபோது நாங்கள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தோம்.

அவர் வெற்றிலையைத் துப்பினார். "அக்கா இனி எப்ப வாறா?"

"அம்மாட முப்பத்தோராம் நாள் சடங்குக்கு."

"அதுக்குள்ள தண்டவாளம் வராதுடா."

"தெரியும். கட்டையையாவது காட்டுவன்."

அவர் ஓங்கி ஓங்கி அடித்தார். "ஆட்டிப் பார். அசையுதா?"

அசையவில்லை. வேறு எந்த வளவிலும் அவர் யாரையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னதில்லை. அவர் போன பிறகும் நான் போய்ப் போய் ஆட்டிப் பார்த்தேன்.