சாவியின் மறுமுனை

தேவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஹேராமாயா கோழி கூவி எழுந்ததில்லை. அவள் எழுந்த பிறகுதான் கோழியே கூவும். பல்லை நடுக்கும் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு ஏணிப்படிகளில் மேல்மாடிக்கு ஏற வேண்டும். தேவியின் வெண்கல முகத்தைத் துடைக்க வேண்டும். பூ, சிந்தூரம், அவித்த முட்டை, அவளே காய்ச்சி வடித்த சாராயம் எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது.

அந்த ஊரில் தேவிக்குக் கோயில் இல்லாமல் இல்லை. அங்கே இருப்பது அசையாத கல். பல்லக்கில் ஊர்வலம் வருகிறவள் மட்டும் அவள் திருவிழாவை நடத்தும் சபைக்காரர்களின் வீடுகளில் முறை வைத்து, இந்த வருடத் திருவிழாவிலிருந்து அடுத்த வருடத் திருவிழா வரை குடியிருப்பாள். முறை ஆண்கள் பேரில் வரும், பாடு பெண்கள் தலையில் விடியும். ஹேராமாயாவின் கணவர் கஜிலால் தச்சு வேலைக்காரர். காலையில் தேவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாட்டன் நகரத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். "நம்ம வீட்டுக்கு தேவி வந்திருக்கா, சும்மாவா?" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார். சும்மா இல்லை என்பது அவள் முழங்காலுக்குத்தான் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்து, பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். திருவிழா இல்லாத மாதம் இந்த ஊரில் கிடையாது. திருவிழா என்றால் மற்றவர்களுக்கு மேளம், அவளுக்கு அடுப்பு. பூண்டு உரித்து, எருமைக் கறி நறுக்கி, பந்தி பந்தியாக அவல் பரிமாறி, எல்லோரும் ஏப்பம் விட்ட பிறகு எச்சில் இலை எடுத்தே இளமை போயிற்று. தன் மேல் தேவிக்குப் பிரியமா, வஞ்சமா என்று அவளுக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. தேவி இருக்கும்வரை வீட்டுப் பெண்களில் மூத்தவள் ஓர் இரவுகூட வெளியில் தங்கக்கூடாது. பனேபாவில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் ரோஜினாவுக்கு இரண்டு பிள்ளை பிறந்து பிறந்தே போய்விட்டன. இரண்டாவது போனபோது, தேவி இந்த வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஹேராமாயாவால் காலையில் போய் சாயந்திரம் திரும்பத்தான் முடிந்தது. இப்போது மூன்றாவது, நிறைமாதம்.

"இந்தத் தடவை நீ பக்கத்துல இல்லேன்னா நான் பொழைக்க மாட்டேம்மா" என்று போனில் அழுதாள் ரோஜினா.

"வாயக் கழுவுடி. திருவிழா முடியட்டும். தேவி அந்தப் பக்கம் போனா, நான் இந்தப் பக்கம் பஸ் ஏறிடுவேன்."

அப்படி எண்ணிக்கொண்டுதான் திருவிழாவன்று பல்லக்கின் பின்னால் நடந்தாள். மேளம் காதைப் பிளந்தது. காற்றெல்லாம் சிந்தூரத் தூள். தூக்குகிறவர்கள் குடித்துவிட்டுப் பல்லக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினார்கள். ஹேராமாயாவின் கையில் பெரிய இரும்புச் சாவி. மரியாதைக்குரியவர்களை வீட்டுக்குள் அழைக்க அங்கே அதுதான் வழக்கம். வீட்டுக்காரி சாவியின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, வருகிறவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவார். தேவிக்காக மறுமுனையைப் பிடிப்பது, அவளை அனுப்பிவைக்கும் வீட்டுக்காரியின் வேலை.

அடுத்த முறைக்கார வீட்டு வாசலில் அந்த வீட்டு மருமகள் பூர்ணதேவி காத்திருந்தாள். பல்லக்குத் தூக்கியவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள், அரிசி தூவினாள். ஹேராமாயா சாவியை நீட்டினாள். பூர்ணதேவியின் கை சாவியைத் தொடாமல் பாதியில் நின்றது.

"அக்கா, மாமா விடியக்காலையிலயே போயிட்டாரு" என்றாள், மேளச் சத்தத்துக்குள்ளே.

"என்னடி சொல்ற?"

"தேவி உள்ள வர்றவரைக்கும் என்னைப் போத்தி வைங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு உயிர் போறதுக்கு முன்னாடி அவரே கேட்டுக்கிட்டாருக்கா. தலைமுறைக்கு ஒரு தடவ வர்ற முறைன்னு எங்க வீட்டுக்காரரும் என் காலப் பிடிக்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்றேன்."

சபை வைத்த விதி ஹேராமாயாவுக்கும் தெரியும். வாசலில் தீட்டு என்றால் தேவி கிளம்பின வீட்டுக்கே திரும்ப வேண்டும், இன்னொரு வருடம். படி தாண்டி உள்ளே போய்விட்டாலோ, அதன் பிறகு என்ன தீட்டு வந்தாலும் அங்கேயேதான். சாவியை இவள் கையில் திணித்தால் போதும். நாளைக்கு பனேபா. பூர்ணதேவி சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை.

திணிக்கத்தான் பார்த்தாள். ஆனால் பூர்ணதேவி அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் மேலே போர்வைக்குள் விறைத்துக் கிடக்க, கீழே இவள் சிரித்த முகமாக ஆரத்தி எடுக்க வேண்டும். பல்லக்கில் இருந்தவளோ, ஒரு வருடம் தன் கையால் முகம் துடைத்துவிட்டவள். கோபம் ஆயிரம் இருக்கலாம், அதற்காகப் பிண வீட்டில் தள்ளிவிட்டுப் போக ஹேராமாயாவுக்கு மனம் ஒப்பவில்லை. ரோஜினாவை நினைத்தாள். சாவியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"பெரியவரே, மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. இந்த வீட்டுல சாவு."

சபைத் தலைவர் ஹர்கமானின் முகம் கறுத்தது. பூர்ணதேவியின் கணவன் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். பூர்ணதேவி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பல்லக்கு திரும்பியது.

"உனக்கென்ன ஹேரா, இன்னொரு வருஷப் புண்ணியம்!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வேணும்னா பாதி நீ எடுத்துக்கடா, விடியக்காலத் தண்ணியோட சேத்து" என்றாள்.

தன் வீட்டு வாசலில் நின்றாள். இப்போது சாவியின் மறுமுனை ஹர்கமான் கையில். இவள் இழுத்து உள்ளே போக வேண்டும். இழுக்கவில்லை. திரும்பிக் கணவரின் கையைப் பிடித்துத் தன் முனையை அதில் வைத்தாள்.

"நான் பனேபா போறேன். தேவிய நீங்க உள்ள கூட்டிட்டுப் போங்க."

"ஏய், பைத்தியமா? வீட்டுப் பெரியவ ராத்திரி வெளிய தங்கக்கூடாதுன்னு தெரியாது?" என்றார் கஜிலால்.

"தெரியாம என்ன? வருஷம் பூரா தெரிஞ்சுதானே கிடந்தேன். முறை உங்க பேர்லதானே வந்துச்சு? நீங்க இருங்க."

"இது வழக்கத்துல இல்லையேம்மா" என்றார் ஹர்கமான்.

"வழக்கப்படிதானே பெரியவரே இவ இங்க திரும்பி வந்தா? அந்தச் சாவ ஒளிக்கணும்னா அங்கயே ஒளிச்சிருப்பேன். எனக்கு இனி முடியல." குரல் உயரவில்லை. உயர்த்துவதற்குக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

தூக்கியவர்களுக்குத் தோள் வலித்தது. "சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கப்பா" என்று ஒருவன் முனகினான். கஜிலால் சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக இழுத்தார்.

சிந்தூரம் அப்பிய தலையோடு ஹேராமாயா பஸ்ஸில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள்.

இரண்டு நாள் கழித்து ரோஜினாவுக்கு வலி கண்டது. விடியும் நேரம், பனேபா ஆஸ்பத்திரியில் அம்மாவின் இரண்டு கைகளையும் அவள் எலும்பு நொறுங்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மருமகன் எடுத்து ஹேராமாயாவின் காதில் வைத்தான்.

கஜிலால் பல் கிடுகிடுக்கப் பேசினார். "ஹேரா, குளிச்சுட்டேன், ஈர வேட்டியோட மேல நிக்கறேன். குளிர் உயிர் போகுது. தேவிக்கு முதல்ல பூவா, சாராயமா?"

"அவளையே கேளுங்க" என்றாள் ஹேராமாயா. "எனக்கு இங்க கை காலி இல்ல."