கழுத்துவரை நிரம்பிய பாட்டில்

என் மேசையில் கைக்கடக்கமான ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. போல்ட் அதிர்ந்து கழன்றுவிடாமல் இருக்க அதன் மரையில் விடும் பசை. புதிதாக வருபவை எல்லாம் முக்கால்வாசிகூட இருக்காது. இது மட்டும் கழுத்துவரை நிரம்பி, கல்லாக இறுகிக் கிடக்கிறது. நிரப்பியவர் ஸ்டோர்ஸ் அக்கா.

கும்மிடிப்பூண்டியில் கார் சீட்டு பொருத்தும் கம்பெனி எங்களுடையது. பொருள் வாங்கும் பிரிவில் நான் ஒருத்திதான். அக்கா கான்ட்ராக்ட்டில் ஸ்டோர்ஸ் பார்த்தார், பொன்னேரியிலிருந்து வருவார். கணவர் போனபிறகும் இரண்டு பேருக்கே சமைக்க வந்தது அவருக்கு. அந்த இரண்டாவது பங்கு என்னுடையதாயிற்று. வாடகை அறையில் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளியவளுக்கு அந்த மத்தியானங்கள் எவ்வளவு பெரியவை என்று அவரிடம் சொன்னதே இல்லை.

அக்காவுக்கு அந்தப் பாட்டில்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "இன்னா பாப்பா இது, பாதி பாட்டில குடுத்துட்டு முழு காசு வாங்கினு போறான்? பால்காரன் கூட இவ்ளோ தெகிரியமா ஏமாத்த மாட்டான்!" உள்ளே காற்று இருந்தால்தான் பசை தண்ணியாக இருக்கும், காற்றுப் படாமல் இரும்புக்கு நடுவில் மாட்டினால் இறுகும் என்று விற்பனையாளர் விளக்கினார். அவர் போனதும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். "நல்லா உடறான் கதை."

ஒருநாள் கையிருப்பில் இருந்ததையெல்லாம் ஒன்றோடொன்று ஊற்றி, போல்ட் முக்கும் தட்டில் இரும்புத்தூளோடு மிஞ்சியதையும் வழித்து விட்டு, கழுத்துவரை நிரப்பி மூடி அடுக்கி வைத்துவிட்டார். ஒரு சொட்டு வீணாகவில்லை என்று அவருக்குப் பெருமை. மறுநாள் காலையில், காற்றுக்கு இடமில்லாமல் எல்லாம் இறுகிப்போய், ஒரு பாட்டிலிலிருந்தும் சொட்டு விழவில்லை. சீட்டு பொருத்தும் லைன் நின்றது. மத்தியான ஷிஃப்ட்டுக்குள் பசை வராவிட்டால் அந்தம்மா நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர்.

நானும் அக்காவும் எலெக்ட்ரிக் ரயில் பிடித்துப் பாரிமுனைக்கு ஓடினோம். முதல் கடையிலேயே சிவப்புப் பசை இருந்தது. ஆனால் எங்களுக்கு வேண்டியது நீலம். சிவப்பைப் போட்டால் சூடுகாட்டாமல் போல்ட் அசையாது. நாளைக்கு சர்வீஸில் சீட்டைக் கழற்றுகிறவன் பஞ்சுக்கும் துணிக்கும் பக்கத்தில் நெருப்பைப் பிடிக்க வேண்டிவரும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ ஒண்ணு வாங்கினு போயிரலாம் பாப்பா. லைன் ஓடினா போதும்." ஆனாலும் அவருக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் வேண்டாம் என்றேன்.

வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி நீலம் கிடைத்தபோது திரும்பும் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலில் ஏறினோம். இனி மத்தியான ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்று இருவருக்கும் தெரியும். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்த அக்கா, எண்ணூர் தாண்டியதும் வாயைத் திறந்தார். "வுடு பாப்பா. எவனோ ஒருத்தன் அந்த சீட்ட கழட்டணுமில்ல. அவனுக்கும் ஊட்ல புள்ள குட்டி இருக்கும்." பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன புளிசாதத்தில் என் பங்கைப் பிரித்து வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் அக்கா வரவில்லை. நான் மேனேஜரிடம் போய்க் கெஞ்சியது செவிடன் காதில் ஊதிய சங்கு. கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு அந்த எண்ணும் உபயோகத்தில் இல்லை. பொன்னேரியில் அவர் இருந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். இப்போது நானே சமைத்து எடுத்து வருகிறேன். சாப்பிடும்போது பாதியை ஒதுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. மாலையில் அதைக் கேட் பக்கத்து நாய்க்குப் போடுகிறேன்.

இன்று காலை புதிய பெட்டி வந்தது. ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்திருப்பவர் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கோபமாக ஓடி வந்தார். "மேடம், பாதிதான் கீது! ஏமாத்திட்டான்!"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க அனிச்சையாக, அக்கா உட்கார்ந்து சாப்பிட்ட பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். பிறகு மேசையிலிருந்த கல்லான பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்து, நிரப்பினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். அவர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"யாரு மேடம் இத்த ரொப்பினது?"

"எங்க அக்கா" என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாது.